ரொறன்ரோ ரிசீவரும் உப்புவெளி வீடும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வணக்கம் ஐயா. ரொறன்ரோவில் இருக்கும் என் தம்பி, தன் வீட்டில் பாவித்த, ஸ்பீக்கர்களை இயக்கும் ஏ.வி. ரிசீவர் ஒன்றையும் ஐந்து ஸ்பீக்கர்களையும் தாழ்ந்த ஒலிக்கான ஒரு சப்வூஃபரையும் கப்பலில் அனுப்பியிருக்கிறான். எங்கள் வீடு திருகோணமலை உப்புவெளியில், கடற்கரைக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. வரவேற்பறை 16 அடி நீளமும் 12 அடி அகலமும் கொண்டது. நிலத்துக்கு மாபிள் பதித்திருக்கிறோம். தொலைக்காட்சி 55 அங்குலம். இவற்றை எங்கே வைப்பது, எப்படி இணைப்பது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ரிசீவரின் பிளக் நமது சொக்கற்றுக்குப் பொருந்தாதபடியால் ஓர் அடப்டர் பிளக் வாங்கி வைத்திருக்கிறேன். கடைக்காரர் ஒருவரோ, பழைய சாமான்களை விட்டுவிட்டு 1000 வாட்ஸ் பெட்டி ஒன்றை வாங்கச் சொல்கிறார். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், உப்புவெளி

பதில்: முதலில் அந்த அடப்டர் பிளக்கை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிடுங்கள். கனடாவின் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். நம்முடையது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். அடப்டர் பிளக் முனைகளின் வடிவத்தை மாற்றுமேயன்றி வோல்ட்டை மாற்றாது. ரிசீவரின் பின்பக்கத்தில், மின்வயர் உள்ளே நுழையும் இடத்துக்கு அருகே ஒரு தகடு அல்லது அச்சிட்ட எழுத்து இருக்கும். அதில் 120 வோல்ட் என்று மட்டும் இருந்து, நீங்கள் அதை நேரே சுவரில் மாட்டினால், உள்ளிருக்கும் ட்ரான்ஸ்போமருக்கு ஏறத்தாழ இரு மடங்கு அழுத்தம் போய், அதன் இரும்புக் கரு நிறைந்து, மின்னோட்டம் கட்டுமீறி ஏறும். நல்ல காலமாயின் பியூஸ் போகும். இல்லாவிட்டால் கப்பற்கூலி கொடுத்து வந்த பெட்டி ஒரு கணத்தில் புகைந்துவிடும். 120 வோல்ட்டுக்கும் 230 வோல்ட்டுக்கும் மாற்றக்கூடிய சுவிட்ச் உள்ள ரிசீவர்களும் உண்டு. ஆனால் வட அமெரிக்காவில் விற்கப்படுபவற்றில் அதை எதிர்பார்க்க முடியாது.

ஆகவே உங்களுக்கு 230 வோல்ட்டை 110 வோல்ட்டாகக் குறைக்கும் ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர் ஒன்று தேவை. ரிசீவரின் தகட்டில் எத்தனை வாட்ஸ் என்று எழுதியிருக்கிறதோ அதன் இரு மடங்கு வலுவுள்ளதாக வாங்குங்கள். பயணிகளுக்காக விற்கப்படும் கையடக்கமான, எடையற்ற மாற்றிகள் தலைமுடி உலர்த்திகளுக்குப் போதுமே தவிர இத்தகைய கருவிகளுக்கு ஆகாது; தூக்கும்போது கை நோகும் அளவு பாரம் இருந்தால்தான் உள்ளே உண்மையான செம்பும் இரும்பும் இருக்கின்றன. சப்வூஃபருக்குள் தனி அம்பிளிஃபயர் இருப்பதால் அதற்கும் தனியாக மின்வயர் உண்டு. அதன் தகட்டையும் பார்த்து, அதுவும் 120 வோல்ட் என்றால் அதன் வாட்ஸையும் கணக்கில் சேருங்கள். மற்ற ஐந்து ஸ்பீக்கர்களும் சுவர் மின்சாரத்தோடு சம்பந்தம் இல்லாதவை. அவை எந்த நாட்டில் இருந்து வந்தாலும் கவலை இல்லை. 60 ஹேர்ட்ஸுக்காகச் செய்த ட்ரான்ஸ்போமர் 50 ஹேர்ட்ஸில் சற்றுக் கூடுதலாகச் சூடாகும் என்பதால், ரிசீவரின் மேல் அரை அடியாவது வெற்றிடம் விடுங்கள். அலுமாரிக்குள் அடைத்து, மேலே பின்னல் விரிப்பும் பூச்சாடியும் வைக்கும் நம் வழக்கத்தை இந்த ஒரு பெட்டிக்கு மட்டுமாவது விலக்கி வையுங்கள்.

கடைக்காரரின் 1000 வாட்ஸ் பற்றி ஒரு வார்த்தை. பெட்டியின் வெளியே பெரிதாக அச்சிடப்படும் அத்தகைய எண்கள் பெரும்பாலும் ஒரு கணத்துக்கு மட்டும் எட்டக்கூடிய உச்சத்தைச் சொல்பவை. தொடர்ந்து தரக்கூடிய வலுவைச் சொல்பவை அல்ல. தவிரவும், வாட்ஸை இரட்டிப்பாக்கினால் ஒலி 3 டெசிபெல் மட்டுமே கூடும். காதுக்கு இரு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறையப் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். உங்கள் அறைக்கு 50 வாட்ஸ் நேர்மையாகத் தரும் ரிசீவரே தாராளம். தம்பி அனுப்பியதை வைத்திருங்கள்.

இனி, எதை எங்கே வைப்பது என்ற கேள்வி. உங்களிடம் உள்ளது போல ஐந்து ஸ்பீக்கர்களும் ஒரு சப்வூஃபரும் கொண்ட அமைப்பை 5.1 என்பார்கள். அதில் முன்னால் இடம், நடு, வலம், பக்கவாட்டில் இரண்டு, புள்ளிக்குப் பின்னுள்ள ஒன்று, 120 ஹேர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட அதிர்வுகளுக்கான தனிப் பாதை. தொலைக்காட்சியை 12 அடிச் சுவரில் வைத்து, அறையின் நீளத்துக்குப் பார்க்கும்படி அமருங்கள். இடம், வலம் இரண்டையும் 8 அடி இடைவெளியில், சுவரில் இருந்து ஒன்றரை அடி முன்னே எடுத்து, கதிரையில் இருப்பவரின் காது மட்டத்தில் வையுங்கள். நடு ஸ்பீக்கர் தொலைக்காட்சிக்கு நேர் கீழே, முகம் சற்று மேல்நோக்கியபடி இருக்க வேண்டும். படத்தின் வசனத்தில் பெரும்பகுதி அதில் இருந்துதான் வருகிறது. ஐந்தில் ஒன்றை மட்டும் நல்லதாக மாற்றப் பணம் இருந்தால் நான் இதையே மாற்றுவேன். சண்டையில் வீடு அதிர்கிறது, பேச்சு மட்டும் விளங்கவில்லை என்று பலரும் குறைப்படுவதற்கு மருந்து, ரிசீவரில் நடு ஸ்பீக்கரின் அளவை 2 அல்லது 3 டெசிபெல் கூட்டுவதே.

நீங்கள் அமரும் இடம்தான் எல்லாவற்றிலும் முக்கியமானது. சாய்மனைக் கதிரையைப் பின்சுவரோடு ஒட்டிப் போடுவது நம் வீடுகளின் பழக்கம். அங்கே பாஸ் எனும் தாழ்ந்த ஒலி தேவைக்கு மேல் வீங்கும். அறையின் நட்ட நடுவில் போட்டாலோ அதற்கு நேர்மாறாகும். உங்கள் 16 அடி நீளத்துக்கு ஏறத்தாழ 36 ஹேர்ட்ஸிலும், 12 அடி அகலத்துக்கு ஏறத்தாழ 48 ஹேர்ட்ஸிலும் ஒலி சுவருக்குச் சுவர் மோதி, ஒரே இடத்தில் நிலைத்து நிற்கும் நின்றலையாகும். அந்த நீளவாட்டு அலையின் அழுத்தம் 8 அடியில், அதாவது சரி நடுவில், ஏறக்குறைய இல்லாமற் போகும். அங்கே இருப்பவர் சப்வூஃபர் பழுது என்றே நினைப்பார். ஆகவே தொலைக்காட்சிச் சுவரில் இருந்து 10 அடியில் கதிரையைப் போடுங்கள். அங்கிருந்து பார்த்தால் முன் ஸ்பீக்கர்கள் இருபுறமும் தலா 25 பாகை அளவில் விரிந்திருக்கும். அது 22 முதல் 30 பாகை என்ற பரிந்துரைக்குள் அடங்கும்.

பக்க ஸ்பீக்கர்கள் இரண்டையும் நீளச் சுவர்களில், இருக்கைக்கு இரண்டடி பின்னால், காதுக்கு இரண்டடி மேலே பொருத்துங்கள். கூரையின் நான்கு மூலைகளிலும் ஆணி அடித்து ஸ்பீக்கர் தொங்கவிடுவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அது கல்யாண மண்டபத்துக்குச் சரி, வீட்டுக்குச் சரியல்ல. சப்வூஃபருக்கு ஒரு வேடிக்கையான, ஆனால் தவறாத சோதனை உண்டு. அதைத் தூக்கி நீங்கள் அமரும் கதிரையின் மேல் வைத்து, பாஸ் நிறைந்த பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து செல்லுங்கள். எந்த இடத்தில் பாஸ் ஒரே சீராகக் கேட்கிறதோ, அங்கே சப்வூஃபரை வைத்துவிட்டு நீங்கள் கதிரைக்குத் திரும்பலாம். பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

ஸ்பீக்கர் வயர் முழுச் செம்பாக, 1.5 சதுர மில்லிமீற்றருக்குக் குறையாததாக இருக்கட்டும். பக்க ஸ்பீக்கர்களுக்குச் சுவரைச் சுற்றி 40 அடி ஓடவேண்டுமானால் 2.5 எடுங்கள். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்பதில் தவறு வரக்கூடாது. என் வீட்டில் இடப்பக்க ஸ்பீக்கரின் இரு முனைகளையும் மாற்றிப் பூட்டிவிட்டு, பாட்டில் பாஸ் இல்லை, பாடகரின் குரல் நடுவில் நிற்கவில்லை என்று ஒரு மாதமாக ரிசீவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். உங்களுக்கு இன்னொரு தொல்லை கடலில் இருந்து வரும். உப்புக் காற்றுப் பட்ட செம்பு பச்சைக் களிம்பு பிடிக்கும். வருடத்துக்கு ஒரு தடவை வயர் முனைகளை அரை அங்குலம் வெட்டி, புதிதாகச் சீவிப் பூட்டுங்கள். கருவியை மாதக் கணக்கில் மூடி வைப்பதிலும் பார்க்க, வாரத்தில் சில நாட்களாவது இயக்கி அதன் சூட்டிலேயே ஈரத்தைப் போக்குவது நல்லது.

தொலைக்காட்சியோடு இணைப்பதற்கு, அதன் பின்புறத்தில் ஏ.ஆர்.சி. (தொலைக்காட்சியின் ஒலியை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வசதி) என்று எழுதிய எச்.டி.எம்.ஐ. துளையைத் தேடுங்கள். இந்த வசதி 2009 இல் வந்த எச்.டி.எம்.ஐ. 1.4 இல் தொடங்கியது. தம்பியின் ரிசீவர் அதற்கு முந்தியதாயின் ஓப்டிகல் வயரே வழி. பழைய ரிசீவர்கள் 4கே படத்தைக் கடத்த மாட்டா என்பதால், பிளேயர் முதலியவற்றைத் தொலைக்காட்சியில் மாட்டி, ஒலியை மட்டும் ரிசீவருக்குத் திருப்பி அனுப்புங்கள். தொலைக்காட்சியின் ஒலி அமைப்பில் பி.சி.எம். என்றிருந்தால் பெரும்பாலும் இரண்டு தடங்களே வெளியே போகும். அதை, ஒலியைப் பிரிக்காமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்பும் பிட்ஸ்ட்ரீம் என்று மாற்றுங்கள். ஐந்து ஸ்பீக்கரும் இருந்தும் இரண்டு மட்டும் பாடுவதற்குக் காரணம் பல வீடுகளில் இதுவே.

பிறகு ரிசீவருக்குள் ஐந்து ஸ்பீக்கர்களையும் 'சிறியவை' என்று குறித்து, 80 ஹேர்ட்ஸுக்குக் கீழுள்ளதைச் சப்வூஃபருக்கு ஒதுக்குங்கள். ஸ்பீக்கர்களின் ஒலியை ரிசீவர் அளப்பதற்கான சிறிய மைக் ஒன்று பெட்டிக்குள் வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கைமாறிய சாமான்களில் முதலில் தொலைவது அதுதான். இருந்தால் அதைக் கையில் பிடிக்காமல், கதிரையில் புத்தகங்களை அடுக்கிக் காது மட்டத்தில் வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு அளக்க விடுங்கள். கச்சான் காற்றுக் காலத்தில் பத்து நிமிடம் வியர்க்கும், வேறு வழியில்லை. இல்லாவிட்டால் அளவுநாடாவால் ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரத்தையும் அளந்து பதியுங்கள். உங்கள் அறையில் பக்க ஸ்பீக்கர்கள் முன்னவற்றைவிட மூன்றடியளவு கிட்ட இருக்கும். அந்த மூன்றடிக்குரிய இரண்டரை மில்லிசெக்கன் அளவைத் தாமதப்படுத்தி, எல்லா ஒலியும் ஒரே நேரத்தில் காதுக்கு வரும்படி ரிசீவர் பார்த்துக்கொள்ளும்.

அறையின் நடுவில் நின்று ஒரு தடவை கைதட்டுங்கள். 'டிர்ர்ர்' என்று சுவர்கள் பதில் சொன்னால், மாபிள் நிலத்துக்கு ஒரு தடித்த கம்பளமும் யன்னல்களுக்குப் பாரமான திரைச்சீலையும் வேண்டும். பன்பாய் மெல்லியது, அதற்குப் பெரிய பயன் இல்லை. புத்தக அலுமாரி ஒன்று பின்சுவரில் இருந்தால் நல்லது.

கடைசியாக இடி மின்னல். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரங்களில் வானம் கறுத்தால் ட்ரான்ஸ்போமரைச் சுவரில் இருந்து கழற்றுங்கள்; டிஷ் வயரையும் இணைய ரவுட்டரின் வயரையும் அவற்றோடு சேர்த்துக் கழற்றுங்கள், ஏனெனில் மின்னல் அந்த வழியாலும் வரும். இரைச்சல் கேட்கிறது என்பதற்காகப் பிளக்கின் எர்த் முனையை வெட்டும் வைத்தியத்தை யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

கேள்வி: நாங்கள் வாடகை வீட்டில் இருக்கிறோம். சுவரில் துளையிட வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. வயர் இல்லாத பின் ஸ்பீக்கர்கள் வாங்கலாமா?
– ஒரு வாசகி, கிண்ணியா

பதில்: ஒலிக்கான வயர்தான் இல்லாமற் போகும், சொந்தமாக பற்றரி இல்லாதவை என்றால் ஒவ்வொன்றுக்கும் சுவர் மின்சாரம் வேண்டும். சாதாரண புளூடூத் ஸ்பீக்கர்களைப் பின்னால் வைத்தால் ஒலி தாமதித்து வந்து உதட்டசைவோடு ஒட்டாது. இப்போதைக்கு முன் மூன்றும் ஒரு சப்வூஃபரும் கொண்ட 3.1 ஆகத் தொடங்குங்கள். நல்ல மூன்று, மட்டமான ஐந்தைவிட மேல். பின்னவற்றை வீடு மாறிய பின் உயரமான தாங்கிகளில் வைத்துச் சேர்க்கலாம். ரிசீவர் மட்டும் இப்போதே 5.1 ஆக இருக்கட்டும்.

கேள்வி: இரவில் படம் பார்த்தால் பக்கத்து வீட்டு ஐயா மதிலைத் தட்டுகிறார். சத்தத்தைக் குறைத்தால் எங்களுக்கு வசனம் கேட்பதில்லை.
– ஒரு வாசகர், உட்துறைமுக வீதி

பதில்: அவர் வீட்டுக்குப் போவது வசனம் அல்ல, பாஸ். தாழ்ந்த அதிர்வுகளைச் சாதாரணச் சுவர் தடுக்காது. சப்வூஃபருக்குக் கீழே றப்பர் வைத்தாலும் காற்றில் போவது போகத்தான் செய்யும். பொதுச் சுவரில் இருந்து அதை அப்பால் நகர்த்தி, அளவை 4 டெசிபெல் குறைத்துப் பாருங்கள். ரிசீவரில் 'நைட் மோட்' என்பதை இயக்கினால் வெடிச்சத்தம் தணிந்து, மெதுவான பேச்சு மேலே வரும். சப்வூஃபரை முற்றாக நிறுத்துவதாயின், ரிசீவரிலும் 'சப்வூஃபர் இல்லை' என்று மாற்றுங்கள். மாற்றாவிட்டால் 80 ஹேர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியை அது ஓடாத சப்வூஃபருக்கே அனுப்பிக்கொண்டிருக்கும், உங்கள் முன் ஸ்பீக்கர்களும் அதை இசைக்க மாட்டா.