பேரன் விளையாடும் கொல்லையில் எதை வெட்டுவது, எதை விடுவது?

மன்னார்குடி பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: “கஜா புயலில் தென்னை விழுந்த இடத்தில் மறைப்புக்காகப் பொன்னரளி வைத்தோம். வேலி முழுக்கக் காட்டாமணக்கு. மழை பெய்தால் செங்காந்தள் தானாக ஏறி வருகிறது. பாத்தியெல்லாம் கோரை. இரண்டு வயதுப் பேரன் இனி எங்களோடுதான் இருக்கப்போகிறான். எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டுமா?”

எல்லாவற்றையும் அழிக்க வேண்டாம் அம்மா. ஆனால் பொன்னரளியைப் பேரன் வருவதற்குள் எடுத்துவிடுங்கள். மரம் முழுக்க விஷம்தான். காய்க்குள் இருக்கும் பருப்பில் அது மிக அதிகம். காய் பழுத்துக் கீழே விழுந்து, சதை போனதும் கெட்டியான கொட்டை மிஞ்சும். பிள்ளைகள் கையில் முதலில் அகப்படுவது அதுதான். அந்த விஷம் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைத்துவிடும். தின்ற குழந்தை வாந்தி எடுத்துவிட்டுத் தெளிந்த மாதிரி தெரியலாம், துடிப்பு அப்புறம் கெடும். அதனால்தான் ஒரு நாளாவது மருத்துவமனையில் வைத்து ஈசிஜி பார்க்கிறார்கள்.

வெட்டிய கிளைகளை எரிக்காதீர்கள், புகையும் ஆகாது. காய்ந்த இலையிலும் விஷம் அப்படியே இருக்கும் என்பதால் ஆடு மாடு வாய் வைக்கும் இடத்தில் போடாமல் குழி தோண்டிப் புதையுங்கள். மரத்தடியில் கிடக்கும் கொட்டை, முளைத்த கன்று எதையும் விடாதீர்கள். பூஜைக்கென்று சிவப்பு அரளி வைத்திருந்தால் அதுவும் இதே வகை விஷம்தான். பேரன் போகாத பக்கத்துக்கு மாற்றிவிடுங்கள்.

செங்காந்தள் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. நம் மாநில மலர், கார்த்திகையில் வேலியில் பூத்து நின்றால் கண் எடுக்க முடியாது. ஆனால் செடி முழுக்க கொல்கிசின் என்ற நஞ்சு. கிழங்கிலும் விதையிலும் கடுமையாக இருக்கும். கொடி காய்ந்த பிறகு கிழங்கு மண்ணுக்குள் சும்மா கிடக்கும். தையில் பாத்தி கொத்தும்போது சர்க்கரைவள்ளியோடு சேர்ந்து கூடைக்குள் போய்விட்டால் ஆபத்து. வேகவைத்தாலும் விஷம் போகாது. கலப்பை மாதிரி இரண்டு கவையாக வளைந்திருப்பதுதான் அடையாளம். கலப்பைக்கிழங்கு என்றே இதற்கு ஒரு பேர் உண்டு. பூக்கும்போதே கொடி எழும் இடத்தில் ஒரு குச்சி நட்டுவையுங்கள்; கொடி காய்ந்ததும் உறை போட்ட கையால் தோண்டி எடுத்துவிடலாம். பூ வேண்டும் என்றால் கிழங்குப் பாத்தியை விட்டுத் தள்ளி, பேரன் போகாத இடத்தில் மட்டும் இருக்கட்டும்.

காட்டாமணக்குக் காம்பை ஒடித்து அந்தப் பாலில் குமிழி ஊதி விளையாடாத பிள்ளை டெல்டாவில் குறைவு. சிக்கல் அதன் கொட்டையில். ருசியாக இருப்பதால் ஒன்றுக்கு நாலாகத் தின்றுவிடுவார்கள். வாந்தியும் பேதியும் புரட்டியெடுக்கும். வேலியை ஒரே நாளில் பிடுங்க வேண்டியதில்லை. காய் விடும் கிளைகளைக் கழித்துக்கொண்டே, இடையிடையே நொச்சியோ கிளுவையோ ஊன்றுங்கள். இரண்டும் கிளையை வெட்டிப் போத்தாக நட்டாலே பிடிக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்று. பிள்ளையார் சதுர்த்திக்கு எருக்கம்பூ பறிக்கும்போது பால் கண்ணில் பட்டால் வலி அதிகம் இல்லாமலே பார்வை மங்கும். வலிக்கவில்லையே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். உடனே சுத்தமான தண்ணீரால் கால் மணி நேரமாவது கழுவிவிட்டு, அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். தாய்ப்பால், எண்ணெய் எதுவும் விட வேண்டாம்.

குழந்தை எதையாவது தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே 108-ஐக் கூப்பிடுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்தோ, தொண்டையில் விரல் விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். புரையேறினால் நுரையீரலுக்குள் போய்விடும். வாயில் இருப்பதை வழித்தெடுத்துவிட்டு, தின்ற இலையையோ காயையோ ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பிள்ளை நன்றாக விளையாடுகிறதே என்று காத்திருக்க வேண்டாம். காந்தளின் விஷம் வேலை காட்டவே சில மணி நேரம் ஆகும்.

சரி, கோரைக்கு வருகிறேன். இதில் விஷம் இல்லை, தொல்லை மட்டும்தான். மண்வெட்டியால் கொத்தினால் கிழங்குச் சங்கிலி அறுந்து ஒவ்வொன்றும் தனியாக முளைக்கும். சித்திரை வெயிலில் மண்ணை ஆழமாகக் கிளறி, கிழங்குகளைப் பொறுக்கி வெயிலில் காயப்போடுங்கள்; சுக்காகக் காய்ந்தால் செத்துவிடும். அதன்பிறகு தட்டைப்பயறையோ சணப்பையையோ நெருக்கமாக விதையுங்கள். நிழல் விழுந்தால் கோரை அடங்கும். ஒரே கோடையில் தீராது, அடுத்த வருஷமும் செய்ய வேண்டியிருக்கும்.

வயலுக்கு வாங்கிய களைக்கொல்லி மிச்சம் இருக்கிறது, அதை அடிக்கலாமே என்று வீட்டில் யாராவது சொன்னால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். அதை ஒரு குளிர்பான பாட்டிலில் ஊற்றிக் கொல்லைப்புறத் திண்ணையில் வைப்பது நம் பக்கம் சகஜம். பாராகுவாட் என்றால் ஒரு வாய் போதும் உயிர் போக, மாற்று மருந்தும் கிடையாது. என்னைக் கேட்டால் உங்கள் பட்டியலில் உள்ள எந்தச் செடியையும்விட அந்த பாட்டிலுக்குத்தான் அதிகம் பயப்படுவேன். எந்தக் களைக்கொல்லியானாலும் வாங்கிய டப்பாவிலேயே, வீட்டை விட்டுத் தள்ளி, பூட்டி வையுங்கள்.