ரபதா எங்கே இருந்தது?

கேள்வி: நபித்தோழர் அபூதர் (ரலி) ரபதாவில் தனிமையில் இறந்ததாகப் படித்தேன். அது வெறும் பாலைவனமா? நாடு கடத்தப்பட்டுத்தான் அங்கே போனாரா?

பதில்: வெறும் பாலை அல்ல. மதீனாவுக்குக் கிழக்கே சுமார் 200 கி.மீ. தொலைவில், ஒட்டகத்தில் மூன்று நாள் வழியில் இருந்த நல்ல மேய்ச்சல் பூமி. கலீஃபா உமர் (ரலி) ரபதாவை ஹிமாவாக, அதாவது பொதுக் கால்நடைகளுக்கான காப்பு மேய்ச்சல் நிலமாக ஆக்கினார் என்று நபிமொழித் தொகுப்பான ஸஹீஹ் புகாரி சொல்கிறது. ஹிமாவின் பொறுப்பாளர் ஹுனைக்கு அவர் இட்ட கட்டளையும் அதில் உண்டு: சில ஆடு, ஒட்டகம் மட்டும் வைத்திருக்கும் ஏழையை உள்ளே விடு, இப்னு அவ்ஃப், இப்னு அஃப்பான் போன்ற வசதியானவர்களின் மந்தையை விடாதே. பணக்காரரின் கால்நடை செத்தால் அவருக்குப் பேரீச்சந்தோப்பும் வயலும் இருக்கின்றன. ஏழையின் ஆடு செத்தால் அவன் பிள்ளைகளோடு கலீஃபாவிடம் வந்து நிற்பான். பொன்னும் வெள்ளியும் கொடுப்பதைவிடப் புல்லும் நீரும் கொடுப்பது எளிது. எவ்வளவு தெளிவான பொருளாதாரம்!

செல்வத்தைச் சேர்த்து வைப்பதைக் கண்டிக்கும் குர்ஆன் வசனம் (9:34) யாரைக் குறிக்கிறது என்பதில் அபூதருக்கும் சிரியாவின் ஆளுநர் முஆவியாவுக்கும் கருத்து மோதல் வந்தது. கலீஃபா உஸ்மான் (ரலி) அவரை மதீனாவுக்கு அழைத்தார். அங்கே மக்கள் அவரை மொய்க்கவே, "விரும்பினால் ஒதுங்கி, அருகிலேயே இருங்கள்" என்றார் உஸ்மான். அப்படித்தான் அபூதர் ரபதாவுக்குப் போனார். இது அபூதரே சொன்னதாக புகாரியில் வருகிறது. நாடு கடத்தல் என்று எழுதிய வரலாற்றாசிரியர்களும் உண்டு. அபூதரின் வாய்மொழிக்கே நான் முதலிடம் தருவேன். ஹிஜ்ரி 32-ல் அவர் இறந்தபோது, இராக்கின் கூஃபாவிலிருந்து அவ்வழியே வந்த இப்னு மஸ்ஊத் (ரலி) ஜனாஸா தொழுகை நடத்தினார்.

கேள்வி: பிறகு அந்த ஊர் என்ன ஆனது?

பதில்: கூஃபா-மக்கா ஹஜ் பாதையில், பின்னாளில் ஸுபைதா பாதை என்று பெயர்பெற்ற வழியில், முக்கியத் தங்குமிடமாக வளர்ந்தது. 1979-ல் தொடங்கிய அகழாய்வில் வீடுகள், பள்ளிவாசல்கள், மட்பாண்டம், கண்ணாடி, நாணயங்கள் கிடைத்தன. வீட்டுத் தரைக்கடியிலேயே மழைநீர்த் தொட்டிகள்! ஊருக்கு வெளியே 60 மீட்டருக்கு மேல் விட்டமுள்ள வட்டக்குளம். வெள்ளநீர் முதலில் பக்கத்துத் தொட்டியில் தேங்கி, வண்டல் படிந்த பின்பே குளத்தில் இறங்கும். அந்த வண்டலை அள்ளாமல் விட்டால் குளமே தூர்ந்துவிடும். ஆகவே ஆள் இல்லாமல் இந்த ஊர் நிலைக்காது. ளரிய்யா ஊராருடன் ஓயாத சண்டை, அவர்கள் கராமிதாக்கள் என்ற கிளர்ச்சிக் குழுவினரைத் துணைக்கு அழைத்தது, இவற்றால் ஹிஜ்ரி 319-ல் (கி.பி. 931) மக்கள் ரபதாவைக் காலிசெய்து போனார்கள்.