பையைக் கீழே வையுங்கள்

வணக்கம் சார்,

மூத்த அரசு அதிகாரி ஒருவருக்குத் தனிப் பாதுகாவலராக ஆறு வருடமாக இருக்கிறேன். காலையில் அவர் வீட்டு வாசலில் தொடங்கினால் இரவு அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தும்வரை டூட்டி. அவர் முகத்தைப் பார்த்தாலே என்ன மனநிலையில் இருக்கிறார் என்று சொல்லிவிடுவேன். தன் பையையும் இரண்டு போன்களையும் வேறு யாரிடமும் தரமாட்டார், என்னிடம்தான் தருவார். அவ்வளவு நம்பிக்கை. போன வாரம் என் பத்து வயது மகள் கேட்டாள்: “யாராவது சுட்டா அந்த சாருக்காக நீ செத்துப் போயிடுவியாப்பா? அவரு அவ்ளோ நல்லவரா?” பதில் வரவில்லை. அவளுக்கு என்ன சொல்வது? இந்த வேலையைப் பற்றி நல்ல புத்தகமோ படமோ இருந்தாலும் சொல்லுங்கள். பணியில் இருப்பதால் பெயர் வேண்டாம்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

*

அன்புள்ள தம்பி,

நீங்கள் மகளின் கேள்விக்காகத்தான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ அந்தப் பை கண்ணில் விழுந்துவிட்டது. இதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். செய்திப் படங்களில் பெரிய மனிதர்களுக்கு ஓரடி பின்னால் நிற்பவர்களின் கைகளைப் பார்ப்பது என் பழக்கம். ஒருவர் கையில் கோப்பு இருக்கும், இன்னொருவர் குடை பிடித்திருப்பார், இன்னொருவர் யாரோ கொடுத்த பூங்கொத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டிருப்பார். பார்க்கும்போதெல்லாம் வயிற்றைக் கலக்கும்.

முதலில் மகள். “அவர் நல்லவரா” என்பதை அவளோடு விவாதிக்க வேண்டாம். காவல் காப்பவர் அதைத் தீர்மானிக்க ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று 1984 அக்டோபர் 31ஆம் தேதி டெல்லியில் பார்த்துவிட்டோம். இந்திரா காந்தியைச் சுட்டவர்கள் அவர் வீட்டுக் காவலில் இருந்தவர்களே. “செத்துப் போவியா” என்றால், அப்பாவின் வேலை அந்த சாரையும் தன்னையும் வீடு கொண்டு சேர்ப்பது என்று சொல்லுங்கள். பத்து வயதுக்கு அது போதும், பொய்யும் இல்லை. 1981 மார்ச் 30 அன்று வாஷிங்டனில் ஒரு ஹோட்டல் வாசலில் அமெரிக்க ஜனாதிபதி ரீகனை நோக்கி இரண்டு வினாடிக்குள் ஆறு குண்டுகள் பாய்ந்தன. ஜெர்ரி பார் என்ற பாதுகாவலர் ரீகனைப் பின்னாலிருந்து பிடித்துக் காருக்குள் தள்ளினார். டிம் மெக்கார்த்தி என்ற இன்னொருவர் சத்தம் வந்த பக்கமே திரும்பி, கைகால்களை அகட்டி நின்று வயிற்றில் குண்டு வாங்கினார். ரீகனும் பிழைத்தார், மெக்கார்த்தியும் பிழைத்தார். பிற்பாடு ஒரு ஊரின் காவல்துறைத் தலைவராகவும் இருந்தார். இதை மகளிடம் தாராளமாகச் சொல்லலாம்.

புத்தகம், படமெல்லாம் இப்போது வேண்டாம். படத்தில் வரும் மெய்க்காப்பாளர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வரிசையாகச் சுட்டுத்தள்ளுவார். அதனால் உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் கிடையாது.

சரி, இனி என் விஷயத்துக்கு வருகிறேன். மெக்கார்த்தி கைகளை விரித்தாரே, அந்தக் கைகளில் எதுவும் இல்லை. ஜெர்ரி பார் தள்ளினாரே, அந்தக் கைகளிலும் எதுவும் இல்லை. அந்த இரண்டு வினாடியில் உங்கள் கையில் என்ன இருந்திருக்கும் தம்பி? ஒரு தோல் பை, இரண்டு போன். பையைக் கீழே போடலாமா, உள்ளே முக்கியமான காகிதம் இருக்குமே என்று மனம் ஒரு கணம் யோசிக்கும். யோசிக்காது என்று சொல்லாதீர்கள். ஆறு வருடமாக அந்தப் பையைப் பத்திரமாகப் பிடித்துப் பழகிய கை அது.

இடது கையில்தானே பை, துப்பாக்கி எடுக்க வலது கை சும்மாதானே இருக்கிறது என்பீர்கள். பயிற்சியில் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது எல்லாம் எங்கே போயிற்று? பக்கத்தில் நிற்பவனுக்கு அந்த நேரத்தில் துப்பாக்கி இரண்டாம் பட்சம். முதலில் அவரை உடலால் மறைக்க வேண்டும், அப்புறம் அங்கிருந்து அகற்ற வேண்டும். ஒரு கையால் அவர் தோளையோ இடுப்பையோ பிடித்து மடக்கிக் குனியவைக்க வேண்டும், இன்னொரு கையால் கூட்டத்தை விலக்க வேண்டும், கார்க் கதவைத் திறக்க வேண்டும். இரண்டு கையும் வேண்டும். போன் இன்னும் மோசம், கையோடு கண்ணையும் பிடுங்கிக்கொள்ளும். ஒவ்வொரு முறை அது அதிரும்போதும் யார் அழைப்பது என்று திரையைப் பார்க்கிறீர்கள் அல்லவா? அந்த நேரத்தில் கூட்டத்தை யார் பார்க்கிறார்கள்?

முகத்தைப் பார்த்தே மனநிலையைச் சொல்லிவிடுவேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வந்தது. அவர் முகத்தை அவ்வளவு பார்க்கிறீர்கள் என்றால் தவறான பக்கம் திரும்பி நிற்கிறீர்கள். அவருக்கு முதுகைக் காட்டி வெளியே பார்க்க வேண்டியவர் நீங்கள். அதுவும் எதிரே வருகிறவர்களின் கைகளை. எல்லாரும் கைதட்டும்போது சட்டைக்குள் கிடக்கும் ஒரு கை, வெயிலில் மேல்கோட்டுக்குள் போகும் ஒரு கை. உங்கள் சார் சிடுசிடுப்பாக இருக்கிறாரா என்பதை அவருடைய உதவியாளர் பார்த்துக்கொள்வார்.

என் சித்தப்பா இந்த வேலையில் இருந்தார். நான் கல்லூரியில் படித்தபோது அவர் ஒரு பெரிய அதிகாரிக்குப் பாதுகாவலர். ஒரு விழா முடிந்து அந்த அதிகாரி படியிறங்கும்போது, மேடையில் வந்த பரிசுப் பெட்டிகளையெல்லாம் சித்தப்பா கையில் அடுக்கிவிட்டார்கள். தாடை வரைக்கும் பெட்டிகள். மனு ஒன்றோடு பல மாதமாக அலைந்த ஒருவர் ஓடிவந்து அதிகாரியின் சட்டையைப் பிடித்து உலுக்கினார். ஆயுதம் ஏதும் இல்லை, அடிகூடப் படவில்லை. ஆனால் சித்தப்பா பெட்டிகளை இறக்கிவிட்டு எட்டிப் பிடிப்பதற்குள் அங்கிருந்த ஓட்டுநர் அந்த ஆளைப் பிடித்துவிட்டார். விசாரணை நடந்தது. ஏன் தாமதம் என்று கேட்டார்கள். அந்தப் பெட்டிகளைக் கையில் கொடுத்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. சித்தப்பாவும் சொல்லவில்லை. ‘கவனக்குறைவு’ என்று எழுதி ஆயுதக் கிடங்குக் காவலுக்கு மாற்றிவிட்டார்கள். ஓய்வுபெறும்வரை அங்கேயே இருந்தார். வீட்டில் அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவார். “நம்ம மேல அவருக்கு நம்பிக்கை” என்று அவரும்தான் சொல்லிக்கொண்டிருந்தார், உங்களைப் போலவே. அதனால்தான் உங்கள் கடிதம் என்னை இவ்வளவு படுத்துகிறது.

வெறும் கையோடு ஓடியவர்களையே இந்த வேலை விடுவதில்லை. 1963இல் கென்னடி சுடப்பட்டபோது பின்னால் வந்த காரிலிருந்து குதித்து ஓடினார் கிளின்ட் ஹில். முன் காரின் பின்புறக் கைப்பிடியைப் பற்றினார், கால் வழுக்கியது, மறுபடி ஏறி, ஜனாதிபதி மீதும் அவர் மனைவி மீதும் கவிந்துகொண்டார். அவரால் ஆனதையெல்லாம் செய்தவர். 1975இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், இன்னும் சற்று வேகமாக ஓடியிருக்கலாமே என்று உடைந்து அழுதார். பன்னிரண்டு வருடம் கழித்தும்! ஒன்றும் சுமக்காதவருக்கே இந்தக் கதி என்றால், பை சுமந்தபடி தாமதித்த ஒருவர் மிச்ச வாழ்க்கையை எப்படிக் கழிப்பார்? நான் பயப்படுவது உங்கள் அதிகாரிக்காக மட்டும் இல்லை.

பாதுகாவலர்கள் பெட்டி பிடித்திருப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அது வேறு, குண்டு துளைக்காத கேடயம். 2022 ஜூலையில் ஜப்பானின் நாரா நகரில் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே சுடப்பட்டபோது காவலர்கள் அத்தகைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தார்கள். முதல் குண்டு அவர்மேல் படவில்லை. இரண்டாவதற்குச் சுமார் இரண்டரை வினாடி இடைவெளி இருந்தது. அதற்குள் யாராவது அவரைக் கீழே இழுத்திருந்தால் பிழைத்திருக்கலாம். முதுகுப் பக்கக் காவலில் ஓட்டை இருந்ததை அந்நாட்டுக் காவல்துறையே ஒப்புக்கொண்டது, அதன் தலைவர் பதவி விலகினார். இரண்டரை வினாடி என்பது ஒரு பையைத் தரையில் மெதுவாக வைக்கும் நேரம்.

மறுத்துப் பேசினால் வேலைக்கு ஆபத்து, எழுதுவது சுலபம் என்று நினைப்பீர்கள். சுலபமில்லை, தெரியும். அவருக்கு உங்களைப் பிடிக்காமல் போனால் மறுநாளே வேறு ஆள் வந்துவிடுவார். ஆனால் காக்கப்படுபவரை மறுத்துப் பேசுவதும் இந்த வேலையில் ஒரு பகுதி. 1991இல் ஸ்ரீபெரும்புதூரில் மாலையோடு வந்த பெண்ணை ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர் தடுக்கத்தான் பார்த்தார். ராஜீவ் காந்தி விடச் சொன்னார். அவருடைய சொந்தப் பாதுகாவலர் பி.கே. குப்தாவும் அங்கேயே இறந்தார். பெரியவர்கள் தயவாலும் அவசரத்தாலும் பழக்கத்தாலும் காவலைத் தளர்த்திவிடுவார்கள். அவர்களுக்கு அது தெரிவதே இல்லை. நம்மில் ஒருவர் சொல்ல வேண்டும்.

தனியாகப் போய் அவர் முன்னால் நிற்காதீர்கள், அது திமிராகத் தெரியும். முதலில் உங்கள் பிரிவின் மேலதிகாரியிடம் போங்கள். பாதுகாவலர் கையில் எதையும் கொடுக்கக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு கேளுங்கள், உங்கள் ஒருவருக்காக இல்லாமல் பிரிவு முழுவதற்கும். கூட வேலை பார்க்கும் எல்லாருக்கும் இதே தொல்லை இருக்கும், யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். அப்புறம் அதிகாரியிடம் ஒரே வரி: “சார், கை காலியாக இருந்தால்தான் உங்களைக் காப்பாற்ற முடியும்.” அவர் புத்திசாலி என்றால் வெட்கப்படுவார். இல்லையென்றால் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும்.

உத்தரவு வரும்வரை பை வண்டியில் இருக்கட்டும், போன்களை உதவியாளரிடம் கொடுத்துவிடுங்கள். நாளையிலிருந்தே. என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். கோபித்துக்கொண்டாலும் எழுதுங்கள்.

மகளுக்கு என் அன்பு.