வேலை வழிகாட்டி: மதுரையைச் சுற்றி வேதியியல் ஆய்வகப் பணிகள்

கேள்வி: என் மகள் மதுரையில் பி.எஸ்சி. வேதியியல் இறுதியாண்டு படிக்கிறாள். லேப் வேலைக்குத்தான் போவேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். வெளியூருக்கு அனுப்ப எங்களுக்கு மனமில்லை. மதுரைப் பக்கம் கெமிக்கல் கம்பெனிகளே இல்லையே, இங்கு அவளுக்கு வேலை கிடைக்குமா? அல்லது எம்.எஸ்சி.யில் சேர்த்துவிடலாமா?
- ஒரு தாயார், திருமங்கலம்

பதில்: பெரிய ரசாயன ஆலைகள் மணலி, கடலூர், தூத்துக்குடி என்று கடலோரத்திலேயே அமைந்துவிட்டன என்பது உண்மைதான். ஆனால் ஆய்வக ஆட்களைத் தேடுபவை அவை மட்டுமல்ல. சோதித்துப் பார்க்காமல் சரக்கை வாசலுக்கு வெளியே அனுப்ப முடியாத எந்த ஆலையிலும் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகம் ஒன்று இருந்தே தீரும். ஆவின் பால் பண்ணை, வெள்ளரிப்பட்டியிலுள்ள டி.வி.எஸ். டயர் ஆலை, கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸும் சொட்டு மருந்தும் தயாரிக்கும் ஆரோலேப், விருதுநகர் ஆர்.ஆர். நகரிலுள்ள ராம்கோ சிமென்ட் ஆலை ஆகியவை உங்கள் ஊரிலிருந்து நாள்தோறும் போய்வரக்கூடிய தொலைவில் உள்ளவை. கப்பலூர் தொழிற்பேட்டையோ உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

ஆனால் இந்த ஆய்வகங்களில் இடங்கள் குறைவு. ஒருவர் விலகினால்தான் இன்னொருவருக்கு இடம். அதற்கும் பெரும்பாலும் விளம்பரம் வராது, உள்ளே இருப்பவர் சொல்லித்தான் தெரியவரும். ஆகவே இணையத்தில் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பதைவிட, கல்லூரியில் அவளுக்கு மூத்த மாணவிகள் எங்கெங்கே சேர்ந்திருக்கிறார்கள் என்று துறைப் பேராசிரியர்களிடம் விசாரித்து, அங்கே நேரில் விண்ணப்பம் கொடுப்பது நல்ல பலன் தரும்.

நேர்காணலில் மதிப்பெண் பட்டியலைப் புரட்டிப் பார்ப்பதோடு பல இடங்களில் விடுவதில்லை, கரைசலைத் துளித்துளியாக விட்டு அளக்கும் கண்ணாடிக் குழாயான பியூரெட்டைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். நிறங்காட்டியான பினாப்தலீன் விட்ட கரைசல் மங்கலான இளஞ்சிவப்புக்கு வரும் அந்தத் துளியிலேயே நிறுத்துகிறாளா, அடர்ந்த சிவப்பாகும் வரை விட்டுவிடுகிறாளா, அளவீடுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவருகின்றனவா, அவற்றை உடனுக்குடன் நோட்டில் எழுதுகிறாளா என்றுதான் கவனிப்பார்கள். பால் ஆய்வகம் என்றால் பாலின் கொழுப்பை அளக்கும் கெர்பர் முறையைக் கேட்கக்கூடும்: பியூட்டிரோமீட்டர் என்ற அளவுக் குழாயில் 10 மில்லி கந்தக அமிலம், 10.75 மில்லி பால், 1 மில்லி அமைல் ஆல்கஹால் விட்டு, சென்ட்ரிபியூஜில் சுற்றி, கொழுப்பின் அளவைப் படிக்க வேண்டும். இயந்திரம் நொடிகளில் அளவைக் காட்டிவிடும் இக்காலத்திலும், அது காட்டுவது சரிதானா என்று சரிபார்க்கக் கைமுறைச் சோதனை தேவைப்படுகிறது. டயர் ஆலையில் ரப்பர் கலவை சூட்டில் எத்தனை நிமிடத்தில் வெந்து இறுகுகிறது என்பதை ரியோமீட்டர் என்ற கருவி வரையும் கோட்டிலிருந்து படிக்க வேண்டியிருக்கும். அதைக் கல்லூரியில் யாரும் கற்றுத்தருவதில்லை, சேர்ந்த பிறகுதான் பழக முடியும்.

எம்.எஸ்சி. பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உடனே வேண்டாம் என்பதே என் கருத்து. மத்திய அரசின் தொழிற்பழகுநர் திட்டத்தில் பட்டதாரிகள் உதவித்தொகையுடன் ஓராண்டு பயிற்சி பெறலாம். ஆலைக்குள் நுழைய அதைவிட நேரான வழி இல்லை. ஆராய்ச்சியில் அவளுக்கு உண்மையான நாட்டம் இருந்து, காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களை அவள் நினைத்திருந்தால் முதுகலைப் பட்டம் அவசியம். அப்போது தாராளமாகச் சேருங்கள். வேலை கிடைக்கவில்லையே என்பதற்காக மட்டும் சேர்த்தால், இரண்டு ஆண்டு கழித்து இதே கேள்வியை மறுபடி எழுதுவீர்கள்.

ஒன்றை மட்டும் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள். ஆலை இரவும் பகலும் ஓடினால் ஆய்வகத்துக்கும் ஷிப்ட் உண்டு. இரவு ஷிப்ட் வருமா, வந்தால் வீடு வரை வண்டி விடுவார்களா? ஒப்பந்ததாரர் மூலம் எடுப்பதாகச் சொன்னால் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்பதையும் விசாரியுங்கள். இதையெல்லாம் கேட்டால் வேலை தரமாட்டார்கள் என்று தயங்குபவர்கள்தான் அதிகம். ஒழுங்கான நிறுவனம் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ளாது.

கேள்வி: என் அண்ணன் மகன் டி.எம்.எல்.டி. முடித்திருக்கிறான். அவனும் இத்தகைய ஆலை ஆய்வகங்களுக்கு விண்ணப்பிக்கலாமா?
- ஒரு வாசகர், மேலூர்

பதில்: பயனில்லை. அது ரத்தம், சிறுநீர் முதலியவற்றைப் பரிசோதிப்பதற்கான படிப்பு. ஆலைகள் வேதியியல் பட்டத்தையோ, கெமிக்கல் டிப்ளமோவையோ, ஐ.டி.ஐ.யில் ரசாயன ஆலை ஆய்வக உதவியாளர் பிரிவையோதான் கேட்கும். மருத்துவமனைகள் நிறைந்த மதுரையில் அவனுக்கு வாய்ப்புகள் இன்னும் அதிகம். லேப் டெக்னீஷியன் தேவை என்று இங்கே வரும் விளம்பரங்களில் பெரும்பாலானவை அவனைப் போன்றவர்களுக்கானவையே. திருமங்கலத்து மாணவி அவற்றை நம்பி அலைய வேண்டாம்.