பெட்டிக்குள் அடைபட்ட எலக்ட்ரானின் உந்தம்

வணக்கம் சார்,

பி.எஸ்சி. இயற்பியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். தாண்டவே முடியாத இரண்டு சுவர்களுக்கு நடுவில் இருக்கும் எலக்ட்ரானுக்குத் தாழ்நிலையில், அதாவது மிகக் குறைந்த ஆற்றல் நிலையில், ஒரே ஓர் ஆற்றல்தான். அப்படியானால் உந்தத்தை அளந்தால் வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என இரண்டே விடைகள்தானே வர வேண்டும்? வகுப்பில் எந்த மதிப்பும் வரலாம் என்கிறார்கள். எது சரி?

அன்புள்ள நண்பருக்கு,

வகுப்பில் சொன்னதுதான் சரி. ஆனால் நீங்கள் கேட்டது நல்ல கேள்வி, இந்த இடத்தில் நின்று யோசிக்காமல் கடந்துபோகிறவர்கள்தான் அதிகம்.

இரண்டே விடைகள் வர வேண்டுமானால் சைன் அலை இரு பக்கமும் முடிவில்லாமல் நீண்டிருக்க வேண்டும். பெட்டிக்குள் இருப்பதோ அதிலிருந்து வெட்டியெடுத்த அரை அலைத் துண்டு, சுவருக்கு வெளியே அலைச்சார்பு (எலக்ட்ரானை விவரிக்கும் அலை) சுழி, அதாவது பூஜ்யம். அந்தத் துண்டை ஃபூரியே முறையில், அதாவது முடிவில்லாத பல அலைகளின் கூட்டாக, பிரித்தால் உந்தம் அகலமாகப் பரவிக் கிடக்கும், அதன் உச்சி நீங்கள் எதிர்பார்த்த இரண்டு இடங்களிலும் இல்லாமல் நட்டநடுவில், சுழியில் இருக்கும்! எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு தீராத விஷயம் இது. நிலை எண் (தாழ்நிலைக்கு அது 1) 20, 50 என்று ஏறும்போதுதான் நீங்கள் சொன்ன இடங்களில் இரண்டு கூர்மையான உச்சிகள் எழும்.

சரி, ஆற்றல் என்ன ஆயிற்று? 1 நானோமீட்டர் பெட்டியில் அது 0.376 எலக்ட்ரான் வோல்ட், நீங்கள் நினைத்த வழியில் கணக்குப் போட்டால் வேகம் நொடிக்கு சுமார் 364 கிலோமீட்டர். ஆனால் ஆற்றலைத் தீர்மானிப்பதில் சுவர்களுக்கும் பங்கு உண்டு, அதனால் ஆற்றல் தெரிந்துவிட்டது என்பதற்காக உந்தத்தின் அளவு தெரிந்துவிடாது. ஒரு முறை அளந்தால் சுழிக்குப் பக்கத்தில் வரலாம், இன்னொரு முறை நீங்கள் எதிர்பார்த்ததைப் போல் இரண்டு மடங்கு வரலாம். இயக்க ஆற்றலின் சராசரி மட்டும் மிகச் சரியாக 0.376-இல் வந்து நிற்கும். தனித்தனி அளவீட்டில் தெரியும் கூடுதலும் குறைவும் அளக்கும் செயலோடு நடக்கும் கொடுக்கல் வாங்கல்.

எப்படி அளப்பது? சுவரைச் சட்டென்று எடுத்துவிட்டு, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்க வேண்டும். 1995-இல் அமெரிக்காவின் போல்டரில் எரிக் கார்னெல், கார்ல் வைமன் குழுவினர் குளிர்ந்த ரூபிடியம் அணுக்களை இப்படித்தான் அளந்தார்கள். அங்கே இருந்தது பெட்டி அல்ல, கிண்ணம் போன்ற காந்தப்பொறி. அதை அணைத்ததும், எந்தத் திசையில் இறுக்கமாக அடைத்திருந்தார்களோ அந்தத் திசையில்தான் அணுமேகம் அதிகம் விரிந்தது.

அப்புறம், தாழ்நிலைக்கு ஃபூரியே மாற்றத்தைக் கையாலேயே ஒரு முறை போட்டுப் பாருங்கள். உங்கள் இரண்டு மதிப்புகளிலும், விடையாக வரும் பின்னத்தின் தொகுதி, பகுதி இரண்டுமே சுழியாகும், பயப்பட வேண்டாம், எல்லை எடுத்து வர்க்கப்படுத்தினால் உச்சியில் உள்ளதில் சுமார் 62 சதவீதம் கிடைக்கும்.