குழந்தைக் கடத்தல் தடுப்பு: காவலர்களுக்கும் சமூகப் பணியாளர்களுக்கும் பயிற்சி அளிப்பவரின் பதில்கள்

உதவி ஆய்வாளர், பெருந்துறை: பேருந்து நிலையத்தில் ஒருவர் நான்கு சிறுமிகளுடன் நிற்கிறார், மில் வேலைக்கு அழைத்துச் செல்வதாகச் சொல்கிறார். முதலில் என்ன செய்ய வேண்டும், ஐயா?

அழைத்து வந்தவரையும் பிள்ளைகளையும் உடனே பிரித்து அமர வையுங்கள். அவர் முன்னிலையில் கேட்டால் நால்வரும் சொல்லிக் கொடுத்ததையே ஒப்பிப்பார்கள். முதலில் சாப்பிட ஏதாவது வாங்கிக் கொடுத்து, சாதாரண உடையிலுள்ள பெண் அதிகாரி அருகில் அமர்ந்து பேசட்டும். 'பதினெட்டு முடிஞ்சிருச்சு' என்று கேட்பதற்கு முன்பே சொல்லும் பிள்ளையிடம் வயதைப் பற்றி வாதாடாமல், கடைசியாக எந்த வகுப்பில் படித்தாள், வகுப்பு ஆசிரியர் யார் என்று விசாரியுங்கள். புரோக்கரின் பையில் பெயர்களும் முன்பணத் தொகையும் எழுதிய சிறு நோட்டு இருந்தால் அதை முறைப்படி கைப்பற்றுங்கள்; நீதிமன்றத்தில் வழக்கைத் தாங்கி நிற்பது அதுதான். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது.

குழந்தைகள் பாதுகாப்பு அலகுப் பணியாளர், ஈரோடு: ஆதாரில் உள்ள வயதை ஏற்கலாமா?

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிரிவு 94: முதலில் பள்ளிச் சான்று, அது இல்லையெனில் உள்ளாட்சி அமைப்பின் பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாதபோதே மருத்துவப் பரிசோதனை. ஆதார் அந்த வரிசையில் இல்லை.

மில்லுக்கு ஆள் அனுப்புபவர், அவிநாசி: பெற்றோரே மனமுவந்து அனுப்புகிறார்கள். இதைக் கடத்தல் என்பது நியாயமா?

முன்பணம் கொடுத்துப் பெற்றோரின் சம்மதத்தைப் பெறுவதையே பாரதிய நியாய சன்ஹிதாவின் (இந்திய தண்டனைச் சட்டத்திற்குப் பதிலாக வந்த சட்டம்) 143ஆம் பிரிவு தூண்டுதல் என்கிறது. சுரண்டும் நோக்கத்தோடு அவ்வாறு ஆள் சேர்த்தால், சம்மதம் இருந்தது என்ற வாதம் எடுபடாது. அந்த ஆள் குழந்தையாக இருந்தால் குறைந்தது 10 ஆண்டு சிறை. சுமங்கலித் திட்டம் என்று மூன்றாண்டு முடிவில் திருமணத்திற்கு மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி, இடையில் விலகினால் அதை மறுத்ததை இந்த வட்டாரமே அறியும்.

அவரே: எல்லா மில்லும் அப்படியில்லை. சோதனை என்று வந்தால் ஏழைப் பெண்களின் பிழைப்புத்தானே போகிறது?

எல்லா மில்லையும் நான் சொல்லவில்லை. நாளைக் காலையில் அந்தப் பெண் சேர்ந்த கூலியை வாங்கிக்கொண்டு ஊருக்குப் புறப்பட முடியுமா? விடுதியிலிருந்து தாயிடம் தனியாகப் பேச முடியுமா? காவலர்களுக்கு இவ்விரண்டையும் கேட்கத்தான் கற்றுத் தருகிறேன். முடியாதென்றால் அவளுடைய வறுமை உங்களுக்குச் சாக்காகாது. அந்த வறுமையைத்தான் நீங்கள் பிணையாக வைத்திருக்கிறீர்கள்.

காவலர், பல்லடம்: ஆதார் இருந்தால் போதுமா?

மேலே பதில் இருக்கிறது. தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

சமூகப்பணி மாணவி, கோவை: மீட்கப்பட்ட குழந்தைகளின் படத்தை அறிக்கையில் வெளியிடலாமா?

கூடாது. இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 74 தடை செய்கிறது.

ஒரு தாய், கோபி: விவாகரத்து வழக்கில் என் மகன் யாரிடம் இருக்க வேண்டும்?

இது என் துறையன்று, அம்மா. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். வழக்கறிஞர் உதவி இலவசமாகக் கிடைக்கும்.

தலைமைக் காவலர், திருப்பூர்: வடமாநிலச் சிறுவனின் மொழி எங்களுக்குப் புரியவில்லை. உடன் வந்த மேஸ்திரியே மொழிபெயர்க்கட்டுமா?

வேண்டவே வேண்டாம். முதல் பதிலில் சொன்னதேதான்: அழைத்து வந்தவர் முன்னிலையில் கேட்கக் கூடாது, அவர் வாய்வழியாகக் கேட்பது அதைவிடக் கேடு. ஒடியா, இந்தி, வங்காளம் தெரிந்தவர்களின் பட்டியலைக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிடம் இன்றே கேட்டு வாங்கி, நிலைய எழுத்தரின் மேசையில் வையுங்கள். இரவில் யாரும் கிடைக்காவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள்.