மொபைலை மட்டும் வைத்து ஒரு திரில்லர் படத்தின் தொடக்கக் காட்சியை எடுப்பது எப்படி?

கேள்வி: விஸ்காம் இறுதியாண்டு படிக்கிறேன். டைட்டிலோடு சேர்த்து இரண்டு நிமிடம் வரும்படி ஒரு திரில்லர் படத்தின் தொடக்கக் காட்சியை மட்டும் எடுத்துத் தர வேண்டும். பட்ஜெட் கிடையாது, மொபைல்தான் கேமரா. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்:

முதலில் அந்த ஹூடியைக் கழற்றி ஓரமாக வையுங்கள். நான் எடிட்டிங் வேலை செய்கிறவன், மாணவர் படங்கள் நிறைய என் டேபிளுக்கு வரும். திரில்லர் என்றாலே சென்னை வெயிலில் ஹூடி போட்ட ஒருவன், அவன் கையில் ஒரு கத்தி, மூச்சிரைக்க ஓடும் ஒரு பெண், ரூஹ் அஃப்சா சர்பத்தில் செய்த ரத்தம், தடாலென்று கறுப்புத் திரை, அதில் டைட்டில். இதைத் தொடக்கக் காட்சி என்று சொல்ல முடியாது, ட்ரெய்லர் என்றுதான் சொல்ல வேண்டும். ட்ரெய்லருக்குக் கடையில் இருப்பதையெல்லாம் எடுத்துக் காட்டுகிற அவசரம் இருக்கும். தொடக்கக் காட்சிக்கு ஒரே ஒரு கேள்வி போதும். பார்ப்பவர் அதை வயிற்றில் நெருப்பாகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

அந்தக் கேள்வி இரண்டு விதமாக வரலாம். எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' (1954) துப்பாக்கிச் சத்தத்தோடு தொடங்குகிறது, கதாநாயகன் சிவாஜி எடுத்த எடுப்பிலேயே செத்து விழுகிறார். அங்கே கேள்வி 'யார் சுட்டது?' என்பது. இன்னொன்று திரில்லர் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஹிட்ச்காக்கின் வழி. மேசைக்கு அடியில் குண்டு இருப்பது பார்வையாளருக்குத் தெரியும், மேசையில் பேசிக்கொண்டிருப்பவர்களுக்குத் தெரியாது. திடீரென்று வெடித்தால் 15 விநாடி அதிர்ச்சி, முன்கூட்டியே காட்டிவிட்டால் 15 நிமிடப் பதற்றம் என்று அவர் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் விளக்கியிருக்கிறார். உங்களுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். 'யார் செய்தது' வகைக்குப் பின்னால் முழுப் படம் வேண்டும். உங்களிடம் இருப்பதோ இரண்டே நிமிடம். பதற்றம் அதற்குள்ளேயே வேலை செய்தாக வேண்டும்.

ஒரு கதை தருகிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரவு. கம்ப்யூட்டரில் போஸ்டர், பத்திரிகை அடித்துத் தரும் ஒரு டிடிபி கடை, ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது. ஒரு பெண் தனியாக உட்கார்ந்து கண்ணீர் அஞ்சலி போஸ்டர் செய்துகொண்டிருக்கிறாள். விவரமெல்லாம் வாட்ஸ்அப்பில் வந்தது. 'தோற்றம்' என்ற இடத்தில் ஒரு தேதியை அடிக்கிறாள். 'மறைவு' என்ற இடத்தில் இன்னொன்றை அடிக்கும்போது கை நிற்கிறது. திரும்பிச் சுவரில் இருக்கும் காலண்டரைப் பார்க்கிறாள். போஸ்டரில் இருப்பது நாளைய தேதி. 'தேதி சரியா சார்?' என்று கேட்டு அனுப்புகிறாள். 'சரிதான்' என்று பதில் வருகிறது. கூடவே ஒரு போட்டோ. அதைத் திறக்கிறாள். நாம் பார்ப்பது அவள் முகத்தை மட்டும். அந்த நேரம் பார்த்து ஷட்டருக்கு அடியில் குனிந்து டீ மாஸ்டர் உள்ளே வருகிறார். "என்னம்மா, இன்னும் கடை சாத்தலையா?" இப்போது மானிட்டரைக் காட்டுங்கள். போட்டோவில் இருப்பவர் அவர்தான்.

மிச்சமிருக்கும் நாற்பது விநாடியும் உங்கள் சொத்து. அவர் டீ கிளாஸை மானிட்டருக்குப் பக்கத்தில் வைக்க வருகிறார். பார்த்துவிடுவாரா? அவள் சொல்லிவிடுவாளா? பதில் சொல்லாமல் வெட்டிவிடுங்கள். வில்லன் முகம் வேண்டாம், ஃபிளாஷ்பேக்கும் வேண்டாம்.

இதில் எல்லாமே ஷாட் வரிசையில்தான் இருக்கிறது. போஸ்டர் தேதி, பிறகு காலண்டர், பிறகு அவள் முகம், கடைசியாகத்தான் போட்டோ. மாஸ்டர் வருவதற்கு முன்பே போட்டோவைக் காட்டினால் யாரோ ஒரு ஆள் என்று பார்ப்பவர் விட்டுவிடுவார். தேதிக்குக் கம்ப்யூட்டர் மூலையில் தெரியும் பொடி எழுத்தை நம்பாதீர்கள். தினமும் கிழிக்கிற காலண்டர் என்றால் எண் மொபைல் திரையிலும் பளிச்சென்று தெரியும். இமேஜினரி லைன் என்பது இரண்டு பேருக்கு நடுவே நாம் கற்பனையாகப் போடும் கோடு, கேமரா அதன் ஒரே பக்கத்தில் இருந்தால்தான் யார் எங்கே பார்க்கிறார் என்பது மாறாது. அதைத் தாண்டாமல் இருக்க ஷட்டர் எந்தப் பக்கம், மானிட்டர் எந்தப் பக்கம் என்று ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். காட்சியே பார்வையில்தான் ஓடுகிறது. அவர் எங்கே பார்க்கிறார் என்று ஒரு இடத்தில் குழம்பினாலும் பதற்றம் அறுந்துவிடும்.

மொபைல் பற்றிச் சுருக்கமாக. எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) மூன்றையும் லாக் செய்யுங்கள், இல்லாவிட்டால் அவள் தலையைத் திருப்பும்போதெல்லாம் காட்சி வெளுத்துக் கறுக்கும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் கேமராவின் ஷட்டர் ஸ்பீடு 1/50 விநாடி வைத்தால் டியூப்லைட் மினுக்காது. இந்தக் காட்சிக்கு டியூப்லைட்டை அணைத்துவிடுவதே நல்லது. மானிட்டர் வெளிச்சத்தை அவள் முகத்தில் விழவிட்டு, அந்த வெளிச்சம் பட்டுத் திரும்ப மறுபக்கம் ஒரு தெர்மாகோலைச் சாய்த்து வைத்தால் போதும். மானிட்டரின் பிரைட்னஸை முழுதாக வைத்து டெஸ்ட் ஷாட் எடுங்கள், குறைத்தால் சில மானிட்டர்களில் கோடு ஓடும்.

சத்தத்துக்குத்தான் நேரம் ஒதுக்குங்கள். மங்கலான படத்தை மன்னிக்கிற ஆள்கூட இரைச்சலான ஒலியை மன்னிக்க மாட்டார். ஃபேனை அணைத்துவிட்டுத்தான் வசனம் எடுக்க வேண்டும், வியர்த்தால் வியர்க்கட்டும், முகத்துக்கும் அது நல்லதுதான். எல்லாம் முடிந்ததும் யாரும் அசையாமல் ஒரு நிமிடம் ரூம் டோன், அதாவது அந்த அறையின் வெறும் அமைதியைப் பதிவு செய்யுங்கள், கட்டுக்குக் கட்டு ஒலி குதிக்காமல் ஒட்ட அது தேவை. ஆர்.ஆர். (பின்னணி இசை) என்று இணையத்தில் கிடைக்கிற 'டும்... டும்'மைக் கொண்டுவந்து கொட்டாதீர்கள். கரன்ட் போகட்டும். யுபிஎஸ் கீச், கீச் என்று கத்த ஆரம்பிக்கட்டும். மானிட்டர் எந்த நொடியும் அணையலாம், அணைந்தால் மாஸ்டர் அந்தப் போட்டோவைப் பார்க்காமல் தப்பிப்பார், அவளுக்கும் அதுதான் வேண்டும். கடைக்குக் கடை நாம் கேட்டுப் பழகிய அந்தச் சத்தத்தைவிட நல்ல ஆர்.ஆர். இதற்குக் கிடைக்காது.

டைட்டில் எங்கே வர வேண்டும்? ஓர்சன் வெல்ஸின் 'டச் ஆஃப் ஈவில்' (1958) ஒரே ஷாட்டாக மூன்று நிமிடத்துக்கு மேல் ஓடும் காட்சியோடு தொடங்கும். காரின் டிக்கியில் குண்டு வைக்கிறார்கள், கார் எல்லையை நோக்கி ஊர்கிறது. ஸ்டுடியோ அதன் மேலேயே பெயர்களை ஓடவிட்டு, இசையமைப்பாளர் ஹென்றி மான்சினியின் இசையையும் போட்டது. படம் எப்படி இருக்க வேண்டும் என்று வெல்ஸ் ஸ்டுடியோவுக்கு 58 பக்கத்துக்குக் குறிப்பு எழுதி அனுப்பினார். அதை வைத்து எடிட்டர் வால்டர் மர்ச் 1998இல் மறுபடி எடிட் செய்தபோது பெயர்களை நீக்கி, தெருவிலும் கார் ரேடியோவிலும் வரும் பாட்டுகளையே விட்டார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பாருங்கள், ஒரு செமஸ்டர் பாடம் அதில் இருக்கிறது. உங்கள் படத்தில் அவள் பூமாலை, விளக்குப் படங்களை நகர்த்திக்கொண்டிருக்கும் முதல் அரை நிமிடத்திலேயே பெயர்களை முடித்துவிடுங்கள். தேதிக்குக் கை போன பிறகு திரையில் ஒரு எழுத்துகூடக் குறுக்கே வரக் கூடாது. படத்தின் பெயர் மட்டும் கடைசிக் கட்டுக்குப் பிறகு. தமிழில் போடுவதென்றால் எக்ஸ்போர்ட் செய்து பார்த்துவிடுங்கள். எடிட்டிங் சாஃப்ட்வேரில் அமைப்பு சரியில்லாவிட்டால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் பிய்ந்து நிற்கும். அடோபி பிரீமியர் என்றால் அதன் பிரிஃபரன்ஸஸில் கிராஃபிக்ஸ் பிரிவுக்குப் போய் டெக்ஸ்ட் எஞ்சினைத் தெற்காசிய மொழிகளுக்கு மாற்ற வேண்டும்.

கடைசியாக, டீ மாஸ்டராக நடிப்பவரிடம் கதையை முழுதாகச் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள், அவர் வீட்டிலும் சொல்லச் சொல்லுங்கள். உயிரோடு இருக்கும் மகன் படத்தைக் கண்ணீர் அஞ்சலியில் போட்டதற்கு எந்த அம்மாவும் சும்மா இருக்க மாட்டார். போஸ்டரில் அவருடைய நிஜப் பெயர், ஊர், போன் நம்பர் எதுவும் வேண்டாம். பிரிண்ட் எடுத்திருந்தால் அன்றைக்கே கிழித்துவிடுங்கள், ஃபைலையும் குரூப்பில் பகிராதீர்கள். ஒரு ஸ்கிரீன்ஷாட் வெளியே போனால் மறுநாள் அவர் வீட்டு வாசலில் மாலையோடு சொந்தக்காரர்கள் நிற்பார்கள்.